புள்ளி முப்பத்திரண்டு: பாலக்கரையிலிருந்து ஒரு பார்வை

பாலக்கரையில் வாழும் ஒருவர், வார இறுதிகளில் சுடுகளத்திற்குச் சென்று இலக்குத் தாளில் சுட்டுப் பழகுவதற்காகப் பாலிமர் சட்டகம் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்றை வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதைத் தேர்ந்தெடுப்பது? கம்பனையும் சிலம்பையும் பேசும் இடத்தில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வியக்கக்கூடும். வேலை இருக்கிறது. அமெரிக்காவில் இக்கேள்வி வாங்குபவரின் கையளவிலும் பணப்பையிலும் முடிந்துவிடும். நம் ஊரில் அவர் கடைப்படி ஏறுவதற்கு முன்பே தேர்வின் பெரும்பகுதி முடிந்துவிட்டிருக்கும். அதை முடித்து வைத்தவை 1801, 1878, 1907 என்னும் ஆண்டுகள். அவற்றுள் முதலாவது, திருச்சிராப்பள்ளியின் கோட்டை வாசலிலிருந்தே தொடங்குகிறது.

1801 சூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியரை எதிர்த்து எல்லாச் சாதியினரும் ஒன்றுபட வேண்டும் என்று அறைகூவிய அறிக்கை அது. தென்னாட்டு வரலாறு எழுதுவோர் அனைவரும் அதைக் குறிப்பிடுவர். அதற்குக் கும்பினி அளித்த விடையைப் பலர் குறிப்பிடுவதில்லை. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. இரண்டாண்டுகளுக்கு முன், 1799 அக்டோபரில், கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு மேஜர் பானர்மன் திருநெல்வேலிச் சீமையில் இதே வேலையைத் தொடங்கியிருந்தார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பதே ஆணை. இந்த எட்வர்ட் கிளைவ் வேறு யாருமல்லர். 1752இல் இதே திருச்சியிலும் திருவரங்கத்திலும் சந்தா சாகிபையும் பிரெஞ்சுக்காரரையும் எதிர்த்துப் போரிட்ட ராபர்ட் கிளைவின் மகன். தந்தை துப்பாக்கியால் நுழைந்த நாட்டில், மகன் நாட்டாரின் துப்பாக்கிகளைப் பறித்தார்.

வளரியும் வேலும் நாட்டுத் துப்பாக்கியும் வீட்டுப் பொருள்களாக இருந்த நிலப்பகுதி நம்முடையது. பாளையத்துக் காவலர் ஊர்க்காவலுக்காக ஆயுதம் தாங்குவது குடியின் கடமையாக இருந்தது. அந்தக் கடமை ஒரே தலைமுறைக்குள் குற்றமாக மாறியது. இதை இழப்பு என்று மட்டும் பாடிவிடவும் முடியாது. பாளையக்காரர்கள் தம்முள் இட்ட சண்டைகளில் மாண்ட உழவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், ஆயுதம் பறிக்கப்பட்டது ஊர் அமைதிக்காக அன்று, ஆட்சியின் அச்சத்தால் என்பதை மறக்கலாகாது. ஏனெனில் பின்வந்த சட்டங்கள் எல்லாம் அந்த அச்சத்தின் குழந்தைகளே.

அவற்றுள் மூத்த குழந்தை, லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது பிறந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் இந்தியர் எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது அது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு உண்டு. திருச்சி கன்டோன்மென்ட் பங்களாவில் இருந்த துரை தம் துப்பாக்கிக்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பாலக்கரையின் வணிகர் நிற்க வேண்டும். குடகு நாட்டவர்க்கும் இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வியப்பு என்னவென்றால், அந்த விலக்கு இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. 2019இல் அது பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அகிம்சையை உயிராகக் கொண்ட காந்தியடிகளே, 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்த்தபோது வெளியிட்ட துண்டறிக்கையில், ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய இச்சட்டத்தைக் கடுமையாகச் சாடினார்!

உரிமம் யாருக்கு என்பதோடு ஆட்சி நிற்கவில்லை. எந்தத் துப்பாக்கிக்கு என்னும் கேள்வியும் எழுந்தது. நம் பாலக்கரைக்காரரின் தேர்வை உண்மையில் முடிவு செய்தது இதுதான். 'போர்' என்று கடைக்காரர்கள் சொல்லும் குழல் துளையின் அளவை நாம் துளையளவு என்போம். படையினரின் தோட்டாவும் குடிமகனின் தோட்டாவும் ஒரே அளவாக இருந்தால், படைக்கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டா கலகக்காரனின் துப்பாக்கியில் பொருந்திவிடும் அல்லவா? ஆகவே படையின் அளவு மக்களிடம் இருக்கக் கூடாது. 1907இல் .450 துளையளவு ரைபிள்கள் இந்தியாவிற்குள் வருவது தடை செய்யப்பட்டது. வேட்டைக்கு வரும் வெள்ளைத் துரைமார்களும் இதில் சிக்கிக்கொண்டதால், இலண்டன் துப்பாக்கித் தச்சர்கள் தடைக்கு வெளியே நிற்கும்படி .465, .470 என்று புதுப்புது அளவுகளை உருவாக்கினர். வேட்டை இலக்கியம் படிப்போர்க்கு .470 என்னும் எண் பழக்கமானது. அது நம் நாட்டுத் தடையின் பயன் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதற்கு நம் ஊரே சான்று. பாலக்கரையிலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது வரகனேரி. அங்கே 1881இல் பிறந்த வேங்கடேச சுப்பிரமணியத்தை நாம் வ.வே.சு. ஐயர் என்று அறிவோம். பெயரின் முதலெழுத்தாகவே ஊரைச் சுமந்தவர் அவர். புனித வளனார் கல்லூரியில் பயின்று, வழக்கறிஞராகி, பாரிஸ்டர் பட்டத்திற்காக இலண்டன் சென்று, அங்கே 'இந்தியா ஹவுஸ்' விடுதியில் சாவர்க்கரின் கூட்டாளியானார்.

அந்நாளைய இலண்டனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அங்கே துப்பாக்கி உரிமம் என்பது கட்டணம் கட்டிப் பெறும் சீட்டு. இந்திய மாணவரும் அதைப் பெற்றுக் கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம். டாட்டன்ஹம் கோர்ட் சாலையில் காசு கொடுத்துச் சுட்டுப் பழகும் களம் ஒன்று இருந்தது. 1909 சூலை 1 அன்று கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்ற மதன்லால் டிங்ரா அங்கேதான் பழகினார் என்பது அவ்வழக்கின் விசாரணையில் வெளிப்பட்டது. பொழுதுபோக்குச் சுடுகளம் என்னும் சொல் நம் விடுதலைப் போர் வரலாற்றுக்குள் நுழைவது இவ்விடத்தில்தான். அதே ஆண்டில் சாவர்க்கர் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளை மறைவாக இந்தியாவிற்கு அனுப்பினார். டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டது அவற்றுள் ஒன்றால்.

காவலர் வலையிலிருந்து தப்பிய ஐயர் 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் செல்லாது. அங்கே அவரிடம் சுடப் பழகியவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 சூன் 17 காலை மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சியும் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங்.

ஐயரின் வாழ்வில் நம்மைத் திகைக்க வைப்பது இதற்குப் பிந்திய பகுதி. துப்பாக்கி பயிற்றுவித்த அதே புதுச்சேரியில் அமர்ந்து அவர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1916இல் வெளிவந்தது. 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். பின்னர்ப் பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு எழுதினார். வகுப்பில் வான்சிறப்பு அதிகாரம் நடத்தும்போதெல்லாம், மழை உணவை ஆக்குவதைச் சொல்லும் இடத்தில் 'துப்பாக்கி' என்னும் ஒலி வரும், மாணவர்கள் சிரிப்பார்கள். அங்கே துப்பு என்பது உணவு. சுடும் துப்பாக்கியோ துருக்கிய மொழியிலிருந்து பாரசீகம் வழியே வந்த சொல் என்று விளக்கிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். இரண்டு துப்பாக்கியையும் அறிந்த உரையாசிரியர் ஒருவர் வரகனேரியில் பிறந்தார் என்பதை வகுப்பில் சொல்ல நேரம் இருப்பதில்லை.

மீண்டும் துளையளவுக்கு வருவோம். பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்காக அமெரிக்கரான ஜான் பிரௌனிங் உருவாக்கி, 1900ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர்பெற்ற கைத்துப்பாக்கியோடு பிறந்த தோட்டா 7.65 மி.மீ. ஆங்கில அளவில் சொன்னால் .32. சிறியது, மென்மையாக உதைப்பது, சட்டைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கிகளுக்கு ஏற்றது. ஐரோப்பியக் காவல்துறைகள் பல அதை விரும்பின. ஆங்கிலேய இந்தியப் படை அதைத் தன் அளவாகக் கொள்ளவில்லை. படையின் அளவு .455, பிறகு.38. எனவே .32 தப்பித்துக்கொண்டது. 1914 ஆகஸ்டு 26இல் கல்கத்தாவில் ரோடா நிறுவனத்திற்கு வந்த 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர்கள் கடத்திச் சென்றதும் ஆட்சியின் அச்சம் இன்னும் பெருகியது. அந்த அச்சத்தின் கைகளில் வளர்ந்த பாகுபாடுதான் 'விலக்கப்பட்ட துளையளவு', 'விலக்கப்படாத துளையளவு' என்பது.

1931இல் கராச்சி காங்கிரசு நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இருந்தது. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இனப் பாகுபாடு இல்லை, உரிமமுறை தொடர்ந்தது, துளையளவுப் பாகுபாடும் தொடர்ந்தது. 9 மி.மீ., .38, .455 கைத்துப்பாக்கிகளும் .303 ரைபிளும் இன்றும் சாதாரணக் குடிமகனுக்கு எட்டாதவை. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாகக் குறைந்தது.

உரிமமுறை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எளிதில் துப்பாக்கி கிடைக்கும் நாடுகளின் பள்ளிக்கூடங்களில் நடப்பதை நாளிதழில் படித்துவிட்டு மறுநாள் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் எவரும் வேறுவிதமாக எண்ண முடியாது. துளையளவுப் பாகுபாடு வேறு செய்தி. அது பாதுகாப்பிற்காக எழுந்த விதி அன்று. படைக்கிடங்கைப் பற்றிய பழைய கவலையிலிருந்து எழுந்தது. .32 தோட்டாவாலும் மனிதன் சாவான், மணியாச்சியே சொல்லும். இலக்குத் தாளில் துளையிட மட்டும் விரும்புபவனுக்கு, அளவைப் பற்றிய இவ்விதி ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.

முரண் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1966 முதல் திருச்சியில் படைக்கலத் தொழிற்சாலை இயங்குகிறது. ஊரார் வாயில் அது 'துப்பாக்கி பேக்டரி'. இன்சாஸ் ரைபிள்களைச் செய்த இடங்களுள் ஒன்று அது. 2017இல் அறிமுகமான 'திருச்சி அசால்ட் ரைபிள்' நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின்கீழ் வந்தது. பெருந்துப்பாக்கிகள் பிறக்கும் ஊரில், சிறுதுப்பாக்கி வாங்க நினைப்பவர் வடக்கே பார்க்க வேண்டியிருக்கிறது. குடிமக்களுக்கான .32 ரிவால்வர் கான்பூரிலிருந்தும், 'அஷானி' என்னும் .32 பிஸ்டல் கல்கத்தா அருகே ஈஷாப்பூரிலிருந்தும் வந்தன. வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வணிகர்கள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவில் நின்றுபோயிற்று. அதன்பின் பெயர்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கே அவ்வழி திறந்திருக்கிறது. தாத்தா காலத்து வெப்லியும் வால்தரும் இலட்சக்கணக்கில் விலைபோவது இதனால்தான்.

இனிப் பாலிமர். நெகிழிக் கலவையால் சட்டகம் செய்த முதல் கைத்துப்பாக்கி 1970இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் வெளியிட்ட வி.பி. 70. அது பெரிதாக விலைபோகவில்லை. புகழைத் தட்டிச் சென்றவர் ஆஸ்திரியாவின் காஸ்டன் குளோக். திரைச்சீலைத் தண்டும் கத்தியும் செய்துகொண்டிருந்த அவர் உருவாக்கிய கைத்துப்பாக்கியை 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்றது. எஃகுச் சட்டகம் கொண்ட கோல்ட் 1911 ஏறத்தாழ 1,100 கிராம். குளோக் 17 ஏறத்தாழ 630 கிராம். விமான நிலையச் சோதனையில் தெரியாத 'பிளாஸ்டிக் துப்பாக்கி' என்று அமெரிக்காவில் ஒரு பீதி கிளம்பி, 1988இல் சட்டமே இயற்றினார்கள். குழலும் மேலே சறுக்கும் பகுதியும் எஃகு. சட்டகத்துக்குள் பதித்த தண்டவாளத் துண்டுகளும் எஃகு. நெகிழி என்பது கைப்பிடியும் அதைச் சார்ந்த உடலும் மட்டுமே.

நெகிழியைக் குறித்து நம் நாட்டுக்குச் சொந்தப் பட்டறிவும் உண்டு. 1999 கார்கில் போரில் இன்சாஸ் ரைபிளின் பாலிமர் மேகசின்கள் கடுங்குளிரில் வெடித்துப் பிளந்ததாகச் செய்திகள் வந்தன. நெகிழி என்றால் எல்லாம் ஒன்றல்ல, கலவைதான் தரம். திருச்சிக்குக் குளிர் பகையன்று. சித்திரை வெயிலில் கை வியர்த்து ஒழுகும். அந்த உப்புநீர் எஃகைத் தின்னும். கைபடும் சட்டகம் நெகிழியாக இருப்பதன் நன்மை இங்கே உடனே தெரியும். ஆனாலும் சறுக்குப் பகுதியையும் குழலையும் சுட்ட அன்றே துடைத்து எண்ணெய் பூசியாக வேண்டும்.

.32இல் பாலிமர் சட்டகம் வேண்டுமா என்பதே இப்போது நேர்க்கேள்வி. பாலிமரின் பெரும்புகழ் இரண்டு: எடை குறைவு, உதையைச் சற்று வாங்கிக்கொள்ளும் நெகிழ்வு. இரண்டும் 9 மி.மீ. துப்பாக்கியை நாள் முழுதும் இடுப்பில் சுமக்கும் காவலருக்கு வரம். .32 பிஸ்டல் தோட்டாவின் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வாங்கிக்கொள்ள அங்கே பெரிய உதையே இல்லை. சுடுகளத்தில் நிற்பவர் துப்பாக்கியைச் சுமக்கப் போவதும் இல்லை. ஒற்றைக் கையை நீட்டி அசையாமல் நிற்க, சற்றே எடை இருப்பது துணை. ஆகவே எடை குறைவு என்று விளம்பரம் சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. விலை மலிவு, துரு இல்லை, கைப்பிடி மெலிவு ஆகியவையே .32 பாலிமரை நாடுவதற்கு நேர்மையான காரணங்கள். அண்மை ஆண்டுகளில் நம் நாட்டுத் தனியார் நிறுவனங்களும் இத்துறையில் இறங்கியிருப்பதால், பத்தாண்டுகளுக்கு முன் இல்லாத தேர்வு இன்று ஓரளவு இருக்கிறது.

எடையைவிட முதன்மையானது விசை. பாலிமர் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வெளியே சுத்தி இல்லாதவை. அவற்றின் விசை நீளமாக நகரும்; குளோக்கின் விசைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தம் தேவை. பன்னாட்டு விதிப்படி 25 மீட்டர் சென்டர் பயர் போட்டியில் விசையின் எடை குறைந்தது 1,000 கிராம் இருந்தால் போதும்; துப்பாக்கி 1,400 கிராம் வரை இருக்கலாம். 2006 தோகா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இப்போட்டியில்தான். அத்தகைய போட்டித் துப்பாக்கிகள் வேறு இனம்; உள்ளங்கைக்கு அளவெடுத்துக் கடைந்த மரப்பிடி கொண்டவை. பொழுதுபோக்காகத் தொடங்கிப் போட்டிக்குப் போக எண்ணுபவர், பாலிமர் பிஸ்டலில் பணத்தைப் போடுவதற்கு முன் சங்கத்தின் துப்பாக்கிகளில் ஓராண்டு பழகுவது நல்லது. திருச்சி ரைபிள் கிளப்பில் அவ்வாய்ப்பு உண்டு. 2022 சூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி அங்கே நடந்தபோது, நடிகர் அஜித்குமார் வந்து தம் அணியோடு நான்கு தங்கமும் இரண்டு வெண்கலமும் பெற்றார். அவரைக் காணக் கூடிய கூட்டத்தால் ஊர் அந்தச் சுடுகளத்தின் இருப்பை முதன்முறையாக அறிந்தது. அதுவும் நல்லதுதான்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர் மூன்று செய்திகளை எண்ண வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாப்பான வைப்பிடம் வேண்டும். அதன் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரும். பயிற்சி சில வாரங்கள் நின்றுபோகும். மூன்றாவது தோட்டா. பிஸ்டலுக்குரிய தோட்டாவின் அடிவிளிம்பு சற்றே வெளியே நீட்டியிருக்கும். மேகசினில் இடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் துப்பாக்கி இயங்காது. ரிவால்வருக்குரிய தோட்டாவோ நீளமானது. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பெட்டியின்மேல் 7.65×17 என்று அச்சிட்டிருக்கிறதா, 7.65×23 என்று இருக்கிறதா என்பதைக் கடையிலேயே படித்துப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டையும் .32 என்றே சொல்வார்.